சங்க அலுவலகத் தொலைபேசி: வெளி அழைப்பு போகாவிடில் செய்ய வேண்டுவன

கூட்டுறவுச் சங்கம் என்பது கட்டடமும் பேரேடும் மட்டும் அன்று. அலுவலகத்திலிருந்து அங்கத்தினர் வீட்டு வாசல் வரை தடையின்றிச் செல்லும் செய்தியும் சங்கத்தின் ஓர் உறுப்பே ஆகும். பாவு நூல் வந்து சேர்ந்தது என்ற செய்தி அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கு அன்று மாலையே கிட்டுமானால் மறுநாள் தறி ஓடும். மூன்று நாள் பிந்தினால் மூன்று நாள் கூலி போனது போனதுதான். திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பருத்தியோ மிளகாயோ பயிரிட்டவருக்கு, பயிர்க் காப்பீட்டுத் தொகை கட்டக் கடைசி நாள் எது என்பது ஒரு நாள் பிந்தித் தெரிந்தாலும் அந்தப் பருவத்துப் பாதுகாப்பே இல்லாமற் போகும்.

ஆகவே, சங்கத் தொலைபேசியில் வெளி அழைப்பு போகவில்லை என்றால் அதைச் சிறு தொல்லையாகக் கருதலாகாது. அக்குறையைப் படிப்படியாகக் கண்டறியும் முறையை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம். இதற்கு மின்னியற் படிப்பு வேண்டியதில்லை. காதால் கேட்பதை ஒழுங்காகக் குறித்துக்கொள்ளும் பொறுமை இருந்தால் போதும்.

ஒரு சங்கத்தில் கண்டது

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் நாம் ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், எழுத்தர் மீது அங்கத்தினர் சிலர் முறையீடு கொடுத்திருந்தனர். நூல் வந்த செய்தியை அவர் தமக்கு வேண்டிய தெருவினருக்கு மட்டும் முதலில் சொல்லுகிறார், ஏனையோர் நேரில் வந்து கேட்டால்தான் தெரிகிறது என்பதே முறையீடு. நாம் அமர்ந்திருந்தபோதே மூதாட்டி ஒருவர் வந்து, "ஏன் தம்பி, எங்க தெருவுக்கு மட்டும் ஒங்க போன் பேசாதோ?" என்று எழுத்தரைக் கேட்டார். அவரால் மறுமொழி சொல்ல இயலவில்லை.

விசாரித்ததில் தெரிந்தது இது. சில மாதங்களாக அலுவலகத் தொலைபேசியிலிருந்து எந்த அங்கத்தினரின் கைப்பேசிக்கும் அழைப்பு போகவில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்புகள் மட்டும் ஒழுங்காக வந்தன. புகார் கொடுத்து லைன்மேனும் வந்து பார்த்து, லைனில் குற்றமில்லை என்று கூறிச் சென்றார். அதன்பின் எழுத்தர் தமது சொந்தக் கைப்பேசியிலேயே அனைவரையும் அழைத்து வந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் விடுப்பில் சென்ற நாட்களில் நூல் வந்தது. அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவினர் வண்டியைக் கண்டு வந்தனர். தொலைவிலிருந்தோருக்குத் தகவலே இல்லை. அவர்கள் தறிகள் நின்றன. ஐயம் எழுந்தது. கூலி இழந்தவர் ஐயுறுவதில் வியப்பில்லை.

குறை தொலைபேசியில் இருக்க, பழி மனிதர் மீது விழுந்தது. அந்தக் குறையைக் கண்டுபிடிக்க அன்று அரை மணி நேரமே ஆயிற்று. அதன் காரணத்தைச் சொல்லுமுன், எண்களைப் பற்றிய இரண்டொரு செய்திகளை அறிந்துகொள்ளுதல் நலம்.

எண்ணின் அமைப்பு

ஒரு காலத்தில் வெளியூர் அழைப்பு வேண்டுவோர் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தனர். இணைக்கும் வேலை நிலையத்தில் அமர்ந்த பணியாளருடையது. நமது நாட்டில் சந்தாதாரரே நேராக வெளியூர் எண்ணைச் சுழற்றும் எஸ்.டி.டி. முறை 1960ஆம் ஆண்டு கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலில் வந்தது. 1984இல் தோன்றிய சி-டாட் நிறுவனம் உருவாக்கிய 128 இணைப்புக் கிராமத் தானியங்கி நிலையம் 1986இல் கர்நாடகத்துக் கிட்டூரில் இயங்கத் தொடங்கியபின் சிற்றூர்களும் இவ்வசதியைப் படிப்படியாகப் பெற்றன. பணியாளர் செய்துவந்த வேலை இவ்வாறு நம் விரலுக்கு வந்தது. பணியாளர் அறிந்திருந்த விதிகளை நாமும் அறிய வேண்டியதாயிற்று.

இந்நாட்டு எண் ஒவ்வொன்றும் முன்னால் வரும் 0 நீங்கலாகப் பத்து இலக்கம் கொண்டது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் குறியீடு 04566. 0 நீங்கினால் நான்கு இலக்கம், சந்தாதாரர் எண் ஆறு இலக்கம், ஆகப் பத்து. மதுரைக்கு 0452, மூன்றும் ஏழும் பத்து. சென்னைக்கு 044, இரண்டும் எட்டும் பத்து. கைப்பேசி எண்ணும் பத்து இலக்கமே. எழுதி வைத்த எண் ஒன்றில் இக்கணக்கு சரிவரவில்லையெனில் அந்த எண்ணே பிழை என்று அறியலாம்.

முன்னால் வரும் அந்த 0 யாது? 'இனி வருவது உள்ளூர் எண் அன்று' என்று நிலையத்துக்கு நாம் சொல்லும் அறிவிப்பு அது. வெளிநாட்டுக்கு 00. நமது மாநில எல்லைக்குட்பட்ட கைப்பேசிகளுக்கு முன்பெல்லாம் தரைவழித் தொலைபேசியிலிருந்து 0 இன்றியே அழைக்கலாம். 2020இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் அளித்த பரிந்துரையை ஏற்று, 2021 ஜனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து எந்தக் கைப்பேசியை அழைப்பதானாலும் எண்ணுக்கு முன் 0 சேர்க்க வேண்டும் என்று அரசு விதித்தது. உள்ளூர் எண்ணும் கைப்பேசி எண்ணும் 0 கொண்டு வேறுபடுத்தப்பட்டால் ஒரே தொடக்க இலக்கங்களை இரண்டுக்கும் வழங்கலாம். அதனால் ஏறத்தாழ 254 கோடி புதிய எண்களுக்கு இடம் கிடைக்கும் என்பது இதன் காரணம். கைப்பேசியிலிருந்து அழைப்போருக்கு எம்மாறுதலும் இல்லை. எனவே, வீட்டில் கைப்பேசி மட்டும் வைத்திருப்போர் பலர் இவ்விதியை அறியவே இல்லை.

பெட்டியும் அதன் பூட்டும்

ஒரே தொலைபேசி நேராகச் சுவரில் இணைக்கப்பட்ட அலுவலகத்தில் சிக்கல் குறைவு. ஆனால் செயலாளர் அறை, எழுத்தர் மேசை, கிடங்கு எனப் பல இடங்களில் தொலைபேசி வைத்துள்ள சங்கங்களில் இண்டர்காம் பெட்டி ஒன்று இருக்கும். இதற்கு இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று பெயர். வெளி லைன் இப்பெட்டியில் நுழைகிறது. மேசைத் தொலைபேசிகள் இதிலிருந்து கிளைக்கின்றன. மேசையிலிருந்து வெளியே பேச வேண்டுமானால் முதலில் பெட்டியிடம் லைன் கேட்க வேண்டும். அதற்குரிய இலக்கம் பெரும்பாலான அலுவலகங்களில் 0, சிலவற்றில் 9.

இங்கேதான் குழப்பம் பிறக்கிறது. பெட்டியிடம் லைன் கேட்கும் 0 வேறு. கைப்பேசி எண்ணுக்கு முன் வரும் 0 வேறு. முன்னது பெட்டியோடு முடிந்துவிடும், நிலையத்துக்குப் போகாது. பின்னதுதான் நிலையத்தை அடைகிறது. ஆகவே 0 கொடுத்து லைன் எடுக்கும் அலுவலகத்தில் கைப்பேசியை அழைக்க இரண்டு சுழி வேண்டும்.

பெட்டிக்குப் பூட்டு ஒன்றும் உண்டு. எஸ்.டி.டி. கட்டணம் மிகுந்திருந்த காலத்தில், எவரும் வெளியூருக்கு அழைத்துச் சங்கப் பணத்தை வீணாக்கலாகாது என்று, லைன் எடுத்தபின் வரும் முதல் இலக்கம் 0 ஆனால் தடுத்துவிடுமாறு பல அலுவலகங்களில் பெட்டியை அமைத்தனர். அந்நாளில் அது சிக்கனம். 2021க்குப் பின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் முன்னால் 0 வந்துவிட்டபடியால், அதே பூட்டு அங்கத்தினர் அனைவரையும் வெளியே நிறுத்திவிட்டது.

நாம் கண்ட சங்கத்தில் நேர்ந்தது இதுவே. எழுத்தர் பழைய வழக்கப்படி ஒரு சுழியும் பத்து இலக்கமும் அழுத்தினார். எண்ணுக்கு முன் 0 சேர்க்குமாறு நிலையத்துக் குரல் சொல்லிற்று. அவ்வாறே இரண்டு சுழி அழுத்திப் பார்த்தார். இப்போது பெட்டியின் பூட்டு குறுக்கிட்டு எங்கேஜ்டு ஒலி தந்தது. முதற்குறையை நீக்கியும் அழைப்பு போகாததால், 0 சேர்ப்பது காரணம் அன்று என்று முடிவு கட்டிவிட்டார். லைன்மேனோ பெட்டியைத் தவிர்த்து நேர் லைனில் சோதித்தார். அங்கே பூட்டு இல்லை, அழைப்பு போயிற்று. இருவர் சொன்னதும் உண்மை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடைகள் இருந்தமையால் உண்மை வெளிப்படவில்லை.

முன்பு கேட்ட ஒலி மாறி வேறு ஒலி கேட்டால், ஒரு தடை நீங்கி அடுத்ததன் முன் நிற்கிறோம் என்பது பொருள். நாம் செய்தது வீண் என்பது பொருள் அன்று. இதை அன்பர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

சோதிக்கும் முறை

குறை நேர்ந்தால் பின்வரும் வரிசையில் பார்க்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியபின் கேட்டதைத் தாளில் குறிக்க.

முதலாவது, கட்டணச் சீட்டைப் பார்க்க. தொகை நிலுவையிருந்தால் முதலில் வெளி அழைப்பை மட்டும் நிறுத்தி, உள்வரும் அழைப்பைச் சில காலம் விட்டுவைப்பது தொலைபேசி நிறுவனங்களின் வழக்கம். அழைப்பு வருகிறது, போகவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாகலாம்.

இரண்டாவது, பெட்டியைத் தவிர்த்துச் சோதிக்க. பெட்டிக்குள் நுழையும் வெளி லைனைக் கழற்றி, சாதாரணத் தொலைபேசி ஒன்றில் நேராகச் செருகுக. கழற்றுமுன் எந்தக் கம்பி எந்தத் துளையிலிருந்தது எனக் குறித்துக்கொள்க. நேர் லைனில் உள்ளூர் எண் ஒன்று, 0 சேர்த்த வெளியூர் எண் ஒன்று, 0 சேர்த்த கைப்பேசி எண் ஒன்று என மூன்று அழைப்பு செய்க. மூன்றும் போனால் குறை பெட்டியில். போகாவிடில் லைனிலோ நிலையத்திலோ. பாதி வேலை இத்துடன் முடிந்தது.

நேர் லைனில் உள்ளூர் எண் போய், 0 சேர்த்த இரண்டும் போகாவிடில் எஸ்.டி.டி. வசதி பூட்டப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். இரகசிய எண் கொண்டு சந்தாதாரரே திறக்கவும் மூடவும் கூடிய பூட்டு நிலையத்திலும் உண்டு. 2021ஆம் ஆண்டு மாறுதலின்போது தரைவழிச் சந்தாதாரர் அனைவருக்கும் 0 சுழற்றும் வசதி அளிக்க வேண்டும் என்று அரசு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. எனவே எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம்.

மூன்றாவது, லைனைப் பெட்டியில் மீண்டும் செருகி, மேசைத் தொலைபேசியில் ஒலிகளைக் கேட்க. எடுத்தவுடன் ஒலியே இல்லையெனில் மேசைத் தொலைபேசியோ அதன் கம்பியோ பழுது. உள் ஒலி இருந்து, 0 அழுத்தியபின் வெளி டயல் டோன் வராவிடில், லைன் வேறொருவரிடம் இருக்கலாம், அல்லது அம்மேசைக்கு வெளி லைன் அனுமதி இல்லை, அல்லது லைன் நுழையும் துளை பழுது. பக்கத்து மேசையிலிருந்து முயன்றால் வேறுபாடு புலப்படும்.

நான்காவது, வெளி டயல் டோன் வந்து, இலக்கங்களை அழுத்திய பின்னும் அதே டோன் நில்லாமல் ஒலித்தால், நாம் அழுத்தியதை நிலையம் உணரவில்லை. தொலைபேசியின் அடியிலோ பக்கத்திலோ பல்ஸ், டோன் என்ற இரு நிலைகள் கொண்ட சிறு விசை இருக்கும். பல்ஸ் முறையில் லைன் விட்டுவிட்டு இணைகிறது. வினாடிக்குப் பத்துத் துடிப்பு, 1 என்பதற்கு ஒரு துடிப்பு, 0 என்பதற்குப் பத்து. டோன் முறையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலிக்கும். ஒளியிழை வழி இணைப்புக் கருவிகளிற் சில பல்ஸை ஏற்பதில்லை. விசையை டோனில் வைத்துப் பார்க்க. மழைக்குப்பின் கம்பி இணைப்புகளில் ஈரம் புகுந்து லைனில் இரைச்சல் மிகுந்தாலும் சுருதி சரியாகச் சேராது.

ஐந்தாவது, பெட்டியில் சேமித்து வைத்த எண்களைப் பார்க்க. 2021க்கு முன் பதித்த கைப்பேசி எண்களில் 0 இராது. மேலும், பெட்டி லைனை எடுத்தவுடனே, நிலையத்து டோன் வருமுன் இலக்கங்களை அனுப்பிவிட்டால் முதல் இலக்கம் தொலைந்துபோகும். அம்முதல் இலக்கம் 0 ஆகவே இருக்கும்! கையால் நிதானமாக அழுத்தினால் போகும் எண் சேமிப்பிலிருந்து போகாவிடில் இதுவே காரணம். லைன் எடுத்தபின் சிறு இடைவெளி விடுமாறு பெட்டியில் அமைக்க வேண்டும்.

ஆறாவது, மேற்கூறியவை சரியாக இருந்து, இரண்டு சுழி கொண்ட எண்கள் மட்டும் தடைபட்டால் பெட்டியின் பூட்டைத் திறக்கச் சொல்க. பெட்டியைப் பராமரிப்பவரிடம், 'முதலில் 0 வரும் எண்களைத் தடுக்காதே. 00 வரும் எண்களை மட்டும் தடு' என்று அமைக்குமாறு கூறினால் சிக்கனமும் காக்கப்படும், அங்கத்தினருக்கும் வழி திறக்கும்.

மின்சாரம் நின்றபோது

செப்புக் கம்பி லைனுக்கு வேண்டிய மின்சாரம், 48 வோல்ட் அளவில், நிலையத்திலிருந்தே வருகிறது. ஆகவே நேர் தொலைபேசி மின்வெட்டிலும் பேசும். ஆனால் இண்டர்காம் பெட்டியும் ஒளியிழைக் கருவியும் அலுவலக மின்சாரத்தை நம்பியவை. ஒளியிழை இணைப்பு உள்ள சங்கங்கள் அதற்குச் சிறு மின்கலம் ஒன்று வைத்துக்கொள்வது நன்று.

பெட்டி நின்றால் வெளி லைனை ஒரு குறிப்பிட்ட மேசைக்கு நேராக விட்டுவிடும் ஏற்பாடு செப்புக் கம்பி லைனில் இயங்கும் பல பெட்டிகளில் உண்டு. அப்போது லைன் கேட்கும் 0 தேவையில்லை. பழக்கத்தால் இரண்டு சுழி அழுத்தினால் நிலையம் அதை 00 என்று கொண்டு வெளிநாட்டு அழைப்பாக எண்ணிவிடும். மின்வெட்டில் அந்த மேசையிலிருந்து ஒரு சுழி மட்டுமே என்று எழுதி ஒட்டுக. அவசர எண் 112க்கும் இவ்வாறே: மேசையிலிருந்து லைன் எடுத்து 112, நேர் லைனில் 112 மட்டும். இதை ஓய்வான நேரத்திலேயே பணியாளர் அனைவருக்கும் சொல்லி வைத்தல் வேண்டும்.

ஐப்பசி இடிமழைக் காலத்தில் மின்னல் கம்பி வழியே பாய்ந்து பெட்டியின் லைன் துளைகளைக் கெடுப்பதுண்டு. மழை மேகம் கூடும்போதே, இடி தொடங்குமுன், வெளி லைனைக் கழற்றி வைப்பது காப்பு. இடி நிற்கும் வரை கம்பியைத் தொடலாகாது.

நிர்வாகக் குழுவின் பொறுப்பு

தொலைபேசிக்கும் ஒரு பதிவேடு வைத்தல் வேண்டும். எந்த நாள், எந்த எண், என்ன ஒலி கேட்டது, யார் வந்து என்ன செய்தார் என நான்கு பத்தி போதும். பெட்டியில் எப்பூட்டு போடப்பட்டது, அதன் இரகசிய எண் எவரிடம் உள்ளது என்பது குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இருக்க வேண்டும். பூட்டியவர் மாறிப்போனார், பூட்டு மட்டும் நிலைத்தது என்ற நிலை வரலாகாது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு மேசையிலிருந்தும் உள்ளூர், வெளியூர், கைப்பேசி என மூன்று அழைப்பு செய்து பார்த்துக் கையொப்பமிடுக.

விதிகள் இனியும் மாறக்கூடும். 2025 பிப்ரவரியில் டிராய், தரைவழித் தொலைபேசிகளுக்கு இடையே உள்ளூரிலும் 0, ஊர்க் குறியீடு, எண் என முழுமையாகச் சுழற்றும் முறையைப் பரிந்துரைத்துள்ளது. அது நடைமுறைக்கு வருங்கால் பெட்டியில் மீண்டும் மாறுதல் வேண்டியிருக்கும். எனவே சங்கப் பதிவேடுகளில் எல்லா எண்களையும் 0, ஊர்க் குறியீட்டோடு இப்பொழுதே முழுமையாக எழுதி வைப்பது முன்யோசனை.

நாம் சென்ற சங்கத்தில் அன்று மாலையே பூட்டு நீக்கப்பட்டது. எழுத்தர் தம் மேசையிலிருந்து முதல் அழைப்பை முறையீடு செய்த தெருவுக்கே செய்தார். தமது கைக்காசில் அழைத்து வந்ததை அவர் முன்பே குழுவிடம் சொல்லியிருந்தால் குறை அன்றே வெளிப்பட்டிருக்கும் என்று அவருக்குக் கூறினோம். பணியாளரின் தியாகம் சங்கத்தின் குறையை மூடி மறைத்தல் ஆகாது. அடுத்த குழுக் கூட்டத்தில் அவர்மீது குற்றமில்லை என்பதைத் தீர்மானமாக எழுதுமாறு கேட்டுக்கொண்டோம். குழுவினர் அவ்வாறே செய்தனர்.

அன்பர்களே! உங்கள் சங்கத்திலிருந்து சில நாட்களாக அழைப்பு வரவில்லையெனில், ஐயுறுமுன் அலுவலகத்துக்குச் சென்று, உங்கள் எண்ணை உங்கள் முன்னிலையிலேயே ஒருமுறை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசி ஒலித்தால் நல்லது. ஒலிக்காவிடில் குறை எங்கே என்று காண வழி அங்கேயே தொடங்கும்.